முந்நூறு ரூபாய்

2011-ல் மைசூர் விஜயநகரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அந்த டிவிஎஸ் 50 வண்டியின் சத்தம் பழக்கமாகியிருந்தது. வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்கு மேல் நாலரைக்குள் எங்கள் வீட்டு கேட் முன்னால் வந்து இரண்டு தடவை இருமிவிட்டு நிற்கும். எங்கள் சபையின் ஐயர் இறங்குவார். (எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் சபைகளில் போதகரை ஐயர் என்று அழைப்பதுதான் வழக்கம்.) தோளில் துணிப்பை. அதில் வேதபுத்தகம், பாட்டுப் புத்தகம், கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிரஷ், சோப்பு, ரேஸர்.

ரேஸர் என் அப்பாவுக்காக. பாளையங்கோட்டையிலிருந்து பிழைக்க வந்து, மைசூர் ரயில்வே பணிமனையில் 31 வருடம் வேலை பார்த்தவர் அப்பா. மழிக்காத முகத்தோடு ஒரு நாளும் வாசலைத் தாண்டியதில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவசர அவசரமாக மழித்து, எங்காவது கீறி வைப்பேன். ஒரு வியாழன் ஐயர் அந்தக் கீறலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நான் வேணா பண்ணி விடட்டுமா?" என்று கேட்டாராம். அப்பா சரியென்று தலையசைத்தாராம். அதற்குப் பிறகு அது ஒரு சடங்காகிவிட்டது. முதலில் ஷேவிங், பிறகு ஜெபம்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர் இருந்தார். நல்லவர். ஒரு நாள் மெதுவாக என்னிடம் கேட்டார்: "உங்கள் பாதிரியார் இவ்வளவு செய்கிறாரே, எதை எதிர்பார்த்துச் செய்கிறார்?" அவர் கேள்வியில் விஷமம் இல்லை. பாதிரியார் என்றால் மதம் மாற்ற வருகிறவர் என்பது வெளியே இருப்பவர்களின் சந்தேகம். அப்பா ஏற்கெனவே கிறிஸ்தவர். அவரை மாற்ற என்ன இருக்கிறது என்பதுதான் ஆசிரியருக்குப் புரியவில்லை.

உள்ளே இருக்கிற எங்களுக்கு வேறு சந்தேகம். எங்களுக்குப் பாதிரியார் என்றால் காணிக்கை, கட்டட நிதி, கணக்கு. அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. வந்த நாள் கூட நினைவிருக்கிறது. அந்த அக்டோபரில் அப்பா தன் பென்ஷன் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. அடுத்த வியாழன் மாலை, அப்பாவைக் கவனித்துக்கொண்ட அம்மாள் (ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துக் கிராமத்துக்காரர்) கன்னடத்தில் சாதாரணமாகச் சொன்னார்: "தாத்தா ஒரு கவரை ஐயர் பையில் வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன்."

நான் வங்கியில் வேலை பார்த்தவன். எனக்கு மனதில் கூட்டல் கழித்தல் தானாக ஓடும். வியாழக்கிழமைகள், ரேஸர், கவர் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டன. அப்பாவிடம் கேட்கவில்லை. ஐயரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்காமல் வைத்துக்கொண்டதால்தான் அது வளர்ந்தது.

2012 ஜனவரியில் அப்பா இறந்தார். மார்ச் மாதம் சபையில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. ஐயரை மாற்ற வேண்டும். காரணங்கள்: பிரசங்கம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது, புதுக் கட்டட வேலை நகரவில்லை, நன்கொடை தரக்கூடிய வீடுகளுக்குப் போகாமல் நோயாளிகள் வீடுகளிலேயே நேரத்தைக் கழிக்கிறார். கடைசிக் காரணத்தை எழுதியவருக்கு அது குற்றச்சாட்டா பாராட்டா என்று தோன்றியிருக்காது. எனக்கும் அன்று தோன்றவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். மே மாதம் ஐயருக்கு மாற்றல் வந்தது. ஒரு மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இதை எழுத இன்னொருவர் காரணம். அவர் இறந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அப்பாதான்.

சின்ன வயதில் எங்களை ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிக்கொண்டு போவார் அப்பா. எல்லோரும் தரியா தௌலத் மாளிகையையும் கும்பஸையும் பார்க்க ஓடுவார்கள். அப்பா ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்தில், அரண்மனை இருந்து அழிந்துபோன மேட்டுக்குக் கூட்டிப் போவார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. "இந்த ஊருக்குத்தான் நம்ம சுவார்ட்ஸ் ஐயர் ஹைதர் அலியைப் பார்க்க வந்தார். பையில ஒரு பைசா இல்லாம வந்தார், ஒரு பைசா இல்லாம போனார்" என்பார். எங்களுக்குப் பசிக்கும்.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், பிறகு பாரசீகம், மராத்தி, ஹிந்துஸ்தானி. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1798 பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சாவூரில் இறந்தார். திருச்சியில் அவருடைய ஆரம்ப நாட்களைப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: மாதம் 10 வராகன் வருமானம், ஒரு பழைய கட்டடத்தில் கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை, சோறும் காய்கறியும் சாப்பாடு, கறுப்புச் சாயம் போட்ட பருத்தித் துணியில் உடை.

1779-ல் சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்டுக்கு ஒரு சங்கடம். ஹைதர் அலி படை திரட்டுகிறார் என்று பேச்சு. அதே வருடம் கம்பெனிப் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மாஹேயைப் பிடித்திருந்தது. அதில் ஹைதருக்குக் கடுங்கோபம். அவர் மனதை அறிந்து வர ஆள் வேண்டும். கம்பெனியின் தூதர்கள் யாரையும் நம்பமாட்டேன், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே சொன்னதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. சுவார்ட்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. யோசித்தார். கடைசியில் ஏன் போகிறேன் என்பதற்குக் காரணங்களைத் தனக்குத்தானே எழுதிக்கொண்டார். இது சூழ்ச்சி வேலை அல்ல, ரத்தம் சிந்தாமல் தடுக்கும் வேலை. போகிற இடத்தில் தன் போதக ஊழியத்துக்கும் வழி கிடைக்கும். கம்பெனி தனக்குச் சில உதவிகள் செய்திருக்கிறது; அதற்கு நன்றிக்கடன். ஆனால் இந்தப் பயணத்தில் எந்தப் பரிசாலும் கை கறைபடக் கூடாது.

ஒரு மனிதன் தன் நோக்கத்தைத் தானே விசாரித்துப் பார்ப்பது என்பது இதுதான். மற்றவர் விசாரிக்கும் முன்பே அவர் அதைச் செய்துவிட்டார்.

கரூர் வழியாக வந்து, கஜலஹட்டி கணவாயில் மலையேறி, ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். இங்கே பாலம், சாலை எது பழுதானாலும் தாமதமில்லாமல் சரிசெய்கிறார்கள், கர்நாடகப் பகுதியில் ஐரோப்பியர்கள் எல்லாவற்றையும் பாழாக விடுகிறார்கள் என்று கம்பெனியைக் குத்தினார். படிப்பறிவில்லாத ஹைதரின் ஞாபக சக்தியை வியந்தார். கூடவே, அந்த அரசாங்கம் பயத்தால் நடக்கிறது, சாட்டையோடு 200 பேர் எந்நேரமும் தயாராக நிற்கிறார்கள் என்றும் எழுதினார். ஹைதரின் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடாரத்தில் ஆராதனை நடத்தினார். யாரும் தடுக்கவில்லை.

விடைபெற்றுக்கொண்டு பல்லக்குக்கு வந்தபோது உள்ளே ஒரு பை இருந்தது. 300 ரூபாய். ஹைதர் கொடுத்தனுப்பிய வழிச்செலவு. திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். "இதை நான் திருப்பிக் கொண்டுபோனால் என் உயிருக்கே ஆபத்து" என்கிற பாணியில் அதிகாரி கெஞ்சினார். எனவே வாங்கிக்கொண்டார். சென்னைக்குப் போய் அந்தப் பையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க அதை முதல் பணமாக வைத்தார்.

தூது தோற்றது. 1780-ல் ஹைதர் மலையிறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. தஞ்சாவூர்ச் சீமை எரிந்தது, கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருக்கிறது; கொண்டுவர மாடில்லை. ஏற்கெனவே மாடு கொடுத்துக் கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் இனி அரசனை நம்பத் தயாராயில்லை. சுவார்ட்ஸ் தன் பெயரில் உத்தரவாதம் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. பேசியபடி எல்லோருக்கும் பணம் பட்டுவாடா செய்தார். அந்தப் போர்க்காலத்தில், அவர் எங்கே போனாலும் தடுக்கக் கூடாது என்று எதிரியான ஹைதரே தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார்.

அந்த 80,000 கலத்துக்கும் பல்லக்கில் கிடந்த 300 ரூபாய்க்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். ஊழியக்காரனுடைய நோக்கத்தை யாரும் திறந்து பார்க்க முடியாது. அவன் கையில் வைக்கப்பட்டது எங்கே போனது என்று மட்டும் பார்க்கலாம். குடியானவன் அதைப் பார்த்திருந்தான். அவனுக்கு வேதசாஸ்திரம் தெரியாது. மாட்டை யாரை நம்பி அவிழ்த்துவிடலாம் என்று தெரியும்.

அவர் மதம் பரப்ப வந்தவர்தான். அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் பேரம் பேசவில்லை. தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-ல் சாகும் தறுவாயில் தத்துப்பிள்ளை சரபோஜியை அவரிடம் ஒப்படைக்கப் பார்த்தார். முதலில் மறுத்தார். பிறகு அரியணை ஏறிய அமர்சிங்கிடம் அந்தச் சிறுவன் பட்ட கஷ்டத்தைப் பார்த்து, வருடக்கணக்கில் அவனுக்காக வாதாடி, படிக்கவும் வைத்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சரசுவதி மகாலைப் பெரிய நூலகமாக வளர்த்தவர் அவர். தன்னைக் கிறிஸ்தவனாக்க முடியாத அந்தப் பாதிரியாருக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் அது இருக்கிறது: சாகக் கிடக்கும் கிழவர், அவர் கையைப் பிடித்தபடி இளம் மன்னர்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய சபைகளில் சாதி தனித்தனியாகவே உட்கார்ந்தது. அவர் அதைக் கரைக்க மெல்ல முயன்றார், முறிக்கவில்லை. அதன் கணக்கை இன்றும் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். அவருடைய நல்ல பெயரைக் கம்பெனி தாராளமாகச் செலவழித்தது. அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த சரபோஜி 1798-ல் அரியணை ஏறினார். அடுத்த வருடமே நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராத்தி பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டபோது, அவர் ஓர் ஆங்கில அதிகாரியோடு மணமின்றி வாழ்கிறார் என்று மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். அந்தப் பெண் கட்டிய கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அதில்தான் அப்பாவுக்கு ஞானஸ்நானம். அந்த மறுப்பு நியாயமா என்று அப்பாவும் அம்மாவும் பல தடவை சண்டை போட்டிருக்கிறார்கள். அம்மா கிளாரிந்தா கட்சி.

நேர்மைக்கு இன்னொரு உதாரணமும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இருக்கிறது. கஞ்சாமில் அபே துபுவா கட்டிய சின்ன மாதா கோயில். பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு. திப்பு வீழ்ந்த பிறகு இந்தப் பக்கம் வந்து, இந்த நாட்டு உடை, இந்த நாட்டுச் சாப்பாடு என்று வாழ்ந்தார். மைசூர்ச் சீமையில் அம்மைப்பால் வைக்கும் பழக்கத்தைப் பரப்ப உழைத்தார். 1823-ல் ஊர் திரும்பும்போது, இந்துக்களைக் கிறிஸ்தவர்களாக்கும் முயற்சியில் தான் தோற்றுவிட்டதாகப் பகிரங்கமாகப் புத்தகம் எழுதினார். மிஷன்காரர்கள் கொதித்தார்கள். அவர் முடிவு சரியா என்பது வேறு விஷயம். தலை எண்ணிக் கணக்குக் காட்டுவதே நோக்கமாக இருந்தவர் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். 200 வருடத்துக்கு முந்திய ஊழியக்காரரை மதிப்பது சுலபம். அவர் வந்து நம் வீட்டு கேட்டில் வண்டியை நிறுத்தமாட்டார்.

2012 ஜூனில், வங்கிக்காரன் என்பதால், சபையின் வருடக் கணக்கைச் சரிபார்க்க என்னைக் கேட்டார்கள். ஐயர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று, நோயாளிகள் உதவிக் கணக்கு. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை: வரவு 10,000, பக்கத்தில் அப்பாவின் பெயர், ரசீது எண். அதாவது அந்தக் கவர் அவர் பையில் ஓர் இரவுதான் இருந்திருக்கிறது. ரசீதின் அடிக்கட்டையும் இருந்தது. அசல் ரசீதை அப்பாவிடம் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அப்பாவின் வேதபுத்தகத்தைப் புரட்டினேன். சங்கீதப் பகுதியில் மடித்து வைத்திருந்தது. அப்பா இறந்து ஐந்து மாதம். அந்தப் புத்தகத்தை நான் தொடவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

செலவுப் பக்கம் நீளமாக இருந்தது. டயாலிசிஸுக்குப் போன ஒரு தச்சருக்கு ஆட்டோ வாடகை. ஒரு விதவைக்கு மூன்று மாத மருந்துச் சீட்டு. அவர்கள் எல்லோரும் எங்கள் சபைக்காரர்கள் அல்ல என்பது பெயர்களிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டில் வேலை பார்த்த அந்த அம்மாளின் பெண்ணுக்கு நர்ஸிங் கட்டணத்தில் ஒரு பகுதி. அந்த அம்மாள் இதை என்னிடம் சொன்னதே இல்லை, நானும் அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பிளேடு, ஷேவிங் சோப்பு என்று எங்கேயும் செலவு எழுதியிருக்கவில்லை. கடைசி வரியில் சிறிய எழுத்தில்: "34 ரூபாய் வித்தியாசம். காரணம் அகப்படவில்லை. என் கையிலிருந்து கட்டியிருக்கிறேன்."

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். அப்பா காட்டிய அதே மேடு. ரங்கநாதர் கோயில் மணி கேட்டது. பக்கத்தில் நாலைந்து பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே ஐயருக்கு போன் செய்தேன். அவர் மாற்றலாகிப் போன ஊரில் அன்று ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. தட்டுச் சத்தம் கேட்டது.

"ஐயா, அந்த மனுவில நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தெரியும் தம்பி. எனக்கு ஒரு காப்பி காட்டினாங்க" என்றார்.

"மன்னிக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வருத்தப்படவே இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. "அன்னைக்கு ராத்திரி தூங்கலை. வீட்டுல அழுதா. பிள்ளைக்கு ஸ்கூல் நடுவுல மாத்தணும்னு ஆயிருச்சு" என்றார். பிறகு, "பிரசங்கம் விஷயத்துல நீங்க எழுதினது சரிதான். எனக்கு வராது அது" என்று சிரித்தார்.

நான் கணக்கு நோட்டைப் பார்த்ததைச் சொன்னேன். அப்பாவின் ரசீது கிடைத்ததைச் சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாளின் பெண் இரண்டாம் வருடம் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"சரி தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றார் வைக்கப்போகும் நேரத்தில். "அந்த 34 ரூபாய் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா? எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு."

கண்டுபிடித்திருந்தேன். நவம்பர் பக்கத்தில் ஓர் ஆட்டோ வாடகையை எழுதிவிட்டுக் கூட்டலில் சேர்க்க மறந்திருந்தார். சொன்னேன். "அப்பாடா" என்றார் ஐயர்.